கோட்டுக்குக் கீழே இருந்த கடல்

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் கல்யாணம் நிச்சயமான பெண்களில் பாதிப் பேருடைய அழகு என் பென்சில் முனையிலிருந்து வந்தது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்கட்டு ஸ்டூடியோ, பின்கட்டு வீடு. அவர் முன்னால் நின்று "கொஞ்சம் சிரிங்க, பல்லு தெரிய வேணாம்" என்று சொல்லிப் படம் எடுப்பார். நான் பின்கட்டு ஜன்னலோரம் சாய்வுப் பலகை முன்னால் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பைப் பார்க்கிற மாதிரி ஆக்குவேன்.

நெகடிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும். வெள்ளை கறுப்பாகத் தெரியும், கறுப்பு வெளுத்துத் தெரியும். அம்மைத் தழும்பின் நிழலெல்லாம் அதில் சின்னச் சின்ன வெளுத்த புள்ளிகள். பென்சிலை ஊசியாகச் சீவி அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைத்தால், அச்சுப் போடும்போது கன்னம் வழவழவென்று வந்துவிடும். கல்யாணமான பிறகு சில மாப்பிள்ளை வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்து, படத்தில் இருந்த பெண் எங்கே என்று கேட்டதுண்டு. "எல்லாம் லைட்டுங்க" என்பார் என் வீட்டுக்காரர், கூசாமல்.

எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த ஆள் மதராசில் சினிமாக் கம்பெனிக்குப் போய்விட்டான். நான் கோலம் நன்றாகப் போடுவேன் என்று கேள்விப்பட்டுத்தான் என்னைப் பெண் கேட்டார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். வந்த இரண்டாம் மாதமே பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கடலைப் பார்க்க வேண்டும். நான் பிறந்தது உள்நாட்டில், ஏரிப் பாசன ஊரில். எங்கள் ஊரில் அகலமான தண்ணீர் என்றால் மழைக்கு நிரம்பிய ஏரிதான். செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டபோது, மாமல்லபுரம் பதினெட்டு மைல்தான், பஸ் ஏறினால் கடல் என்று சொன்னார்கள். மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பஸ் எனக்காக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுக்க வருவார்கள். முகூர்த்த நாளில் மூச்சுவிட நேரமில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, அன்று பார்த்து அவருக்குத் தலைவலி. மாமியாரிடம் கேட்டால், "உப்புத்தண்ணி. அதுல பாக்குறதுக்கு இன்னா கீது?" என்பாள். அவள் பார்த்துவிட்டாள், அதனால் சொல்கிறாள்.

இந்த நிலையில் என் வீட்டுக்காரருக்குக் கலை பிடித்தது. மதராசில் பழைய புத்தகக் கடையில் சீமைப் போட்டோப் பத்திரிகை நாலைந்து வாங்கி வந்தார். அதில் ஒரே மலையும் மேகமுமாக இருந்தது. ஒரு படத்திலும் மனுஷன் இல்லை. "இதுல இன்னா கீது பார்" என்று காட்டினார். ஒன்றும் இல்லை என்றேன். "அதான் மூட்" என்றார்.

மூட் வேண்டுமானால் பள்ளத்தாக்கு வேண்டும் என்று முடிவு செய்தார். செங்கல்பட்டில் பள்ளத்தாக்குக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பள்ளம் என்பார்கள். இவர் வாயில்தான் அது பள்ளத்தாக்கு ஆயிற்று. ஒரு மார்கழி விடியலில் மூன்றுகால் ஸ்டாண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அந்தப் பள்ளத்தில் சாராயம் காய்ச்சுகிற ஒரு கோஷ்டி இருந்தது. மதுவிலக்குக் காலம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் பெட்டி வைத்திருக்கிறானே, போலீஸ் ஆளோ என்று அவர்கள் கல்லெடுக்க, இவர் ஸ்டூடியோக்காரர் என்று கூவி, அவர்களில் ஒருத்தனுடைய கல்யாணப் படத்தைத் தான் எடுத்ததை நினைவுபடுத்தித் தப்பித்தார். அந்தப் படத்தில் மலையடிவாரத்தில் ஒரு வெள்ளைப் படலம் தவழும். பார்த்தவர்கள் எல்லாம் மூடுபனி என்று மெச்சினார்கள். அதில் பாதி பனி, மீதி சாராய அடுப்புப் புகை.

படத்தைப் பெரிதாக்கி, மதராசில் ஒரு போட்டோச் சங்கம் நடத்துகிற கண்காட்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. வானம் வெறுமையாக இருக்கிறது என்று ஒரே வரி. உண்மைதான். மலைக்கு மேலே வெளுத்த வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். "மேகத்த வேற எங்கயாவது எடுத்து இதுல ஒட்டிக்கலாம்" என்றார். கடற்கரையில்தான் மேகம் தடங்கலில்லாமல் விரிந்து கிடக்குமாம். செவ்வாய்க்கிழமைத் தலைவலி அதோடு ஓடிப்போயிற்று. ஒரு வாரம் மாமல்லபுரம், மறுவாரம் சதுரங்கப்பட்டினம், அதற்கடுத்து திருவிடந்தை. பஸ் கூரையில் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார்.

நானும் வருகிறேன் என்றேன்.

"வேலைக்குப் போறேன்மே. பாக்கவா போறேன்?"

"நான் மட்டும் அங்க வந்து சமைக்கவா போறேன்? ஒரு ஓரமா நின்னு பாக்குறேன்."

கொஞ்ச நேரம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "படம் தேறட்டும். தேறிச்சின்னா மாமல்லபுரம் கூட்டிக்கினு போறேன். சத்தியமா." கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தார். அவர் சத்தியத்தை நம்பி இறங்கினேன். அன்றிலிருந்து அந்தப் படம் அவருக்குக் கலை, எனக்குப் பஸ் டிக்கெட்.

மேக நெகடிவ்கள் வந்தன. எட்டோ ஒன்பதோ இருக்கும். அவற்றில் ஒன்று பிரமாதம். திட்டுத் திட்டாக, ஓரமெல்லாம் ஒளி ஏறிய மேகம். அவர் அதைப் பள்ளத்தாக்கோடு சேர்த்து ஒரு அச்சுப் போட்டுக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார். எனக்குப் பார்த்ததுமே உறுத்தியது. முகம் பார்த்துப் பழகின கண். மூக்கின் நிழல் இடது பக்கம் விழுந்தால் வெளிச்சம் வலது கன்னத்தில் இருக்க வேண்டும். இங்கே மலைக்கு வெயில் இடதுபக்கத்திலிருந்து அடிக்கிறது, மேகத்துக்கு வலதுபக்கத்திலிருந்து.

"இன்னாங்க, உங்க ஊர்ல ரெண்டு சூரியனா?" என்று கேட்டேன்.

முதலில் கோபப்பட்டார். அப்புறம் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் மேக நெகடிவை வாங்கி, அந்தக் கண்ணாடித் தகட்டைத் திருப்பி, முதுகுப்புறம் மேலே வருமாறு வைத்தேன். வெளிச்சம் இடதுபக்கத்துக்கு வந்துவிட்டது. மேகத்துக்கு இடது கை வலது கை உண்டா? யார் கேட்கப் போகிறார்கள்? மனுஷ முகமாக இருந்தால் மச்சம் இடம் மாறி மாட்டிக்கொள்வோம். அவர் உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தார். எங்கள் வீட்டில் அது பாராட்டுப் பத்திரம்.

அடுத்தது பெரிய வேலை. மேக நெகடிவின் கீழ்ப்பாதியில் கடல் இருந்தது. அதை அப்படியே விட்டால் மலைமேல் அலை அடிக்கும். அதனால் கடல் இருக்கிற இடத்தைச் சிவப்பு மைக்குழம்பால் முழுக்க அடைத்துவிட வேண்டும். அந்த மை வழியாக வெளிச்சம் புகாது. மேகம் மட்டும் மலைக்கு மேலே விழும். அவர் நெகடிவில் நுனிவிரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இந்தக் கோட்டுக்குக் கீழ கீறதெல்லாம் கடலு. அடச்சிடு. மேல கீறதெல்லாம் வானம். அதுல கைய வெக்காத." சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

கடலை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். நெகடிவில். நுரை கரிக்கோடாக இருந்தது. ஈர மணல் வெளிறிக் கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன், அது எப்படி இருக்கும் என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டு. தண்ணீர் இப்படிக் கோடு கோடாக ஏன் வருகிறது என்று புரியவில்லை. அப்புறம் தூரிகையைத் தோய்த்து, ஒரு அலை விடாமல் பூசினேன். கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடலை என் கையாலேயே அழித்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். மை ஈரமாக இருந்ததால் அழவில்லை. சொட்டு விழுந்தால் வழிந்துவிடும்.

கோட்டை ஒட்டி, மேலே, ஒரு சின்ன வெளுத்த முக்கோணம் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம். நெகடிவில் வெளுப்பு என்றால் அச்சில் கறுப்பு. அப்படியானால் தூரத்து மலை உச்சி. அதன் அடியில், கோட்டுக்குக் கீழே, நிமிர்ந்த மாதிரி இரண்டு புள்ளிகள். அவற்றைப் பாறை என்று நினைத்து மையால் மூடினேன். மேலே இருக்கிறதைத் தொடாதே என்று உத்தரவு இருக்கிறதே, முக்கோணத்தைத் தொடவில்லை. தவிர, பள்ளத்தாக்குக்குப் பின்னால் இன்னொரு மலை தெரிந்தால் நல்லதுதானே என்று எனக்கே தோன்றியது.

அச்சுப் போட இரண்டு பேரும் இருட்டறைக்குள் நின்றோம். மலையின் வரம்புக்கு ஏற்றபடி அட்டையை வெட்டி நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் வெளிச்சத்தைத் திறந்து எண்ணுவார். அட்டை அசையாமலும் இருக்கக் கூடாது, ரொம்ப அசையவும் கூடாது. அசையாவிட்டால் மலையைச் சுற்றிக் கத்தியால் கீறின மாதிரி கோடு விழும். அதிகம் அசைந்தால் மலைக்கு ஆவி பறக்கும். முதல் நாலு தாளும் வீண். ஒன்றில் நான் தும்மினேன். ஒன்றில் அவர் எண்ணிக்கையை மறந்து "நாப்பது, அப்புறம் இன்னாமே?" என்று என்னையே கேட்டார். ஐந்தாவது தாள் மருந்துத் தட்டில் மெல்ல மெல்லக் கறுத்து வந்தபோது, இரண்டு பேரும் தட்டின்மேல் குனிந்தோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு குன்று, நடுவில் புகை, மேலே கனத்த மேகம், நடு இடைவெளியில் வெகு தூரத்தில் ஒரு கூர்மையான உச்சி.

"ஆழம் வந்துட்சு பார்" என்று அந்த உச்சியைத் தொட்டுக் காட்டினார். இத்தனை செவ்வாய் கடற்கரையில் நின்ற மனுஷன்.

படத்தை அனுப்பினோம். ஒன்றை எங்கள் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்தோம். மூன்று வாரத்தில் கார்டு வந்தது. படம் தேறிவிட்டது, கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்கள். மாமியார் தெருவுக்கெல்லாம் சொன்னாள். நான் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். அவர் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதராசுக்கு ரயிலேறினார். திரும்பி வந்ததும் மாமல்லபுரம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் போன மறுநாள் காலையில் மீன்காரம்மா வந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். எப்போதும் பின்வாசலில் வந்து உட்காருவாள். அன்றைக்கு முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தவள், உட்காருவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எம்மா, முன்னால பொட்டியில ஒரு படம் கீதே, யாரு எடுத்தது?"

"எங்க வூட்டுக்காரருதான். ஏன்?"

"மலை மேல கட்டுமரத்த வுட்டுகினு போறானுங்களே, எந்தூரு ஆளுங்க?"

எனக்குப் புரியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். அவள் செதில் ஒட்டிய விரலால் கண்ணாடிமேல் குத்திக் காட்டினாள். "இதோ பாரு. பாய். எங்க பக்கந்தான் இப்பிடி சாச்சிக் கட்டுவானுங்க. காத்து நல்லாப் புடிச்சிகினு கீது. ஆளுங்களத்தான் காணோம்."

ஆட்களை எங்கே காண்பது? நிமிர்ந்திருந்த அந்த இரண்டு புள்ளிகள். இரண்டு மீனவர்களை நான்தான் சிவப்பு மைக்குள் முழுக வைத்துவிட்டேன்.

அவள் போன பிறகு பூதக்கண்ணாடியும் நெகடிவுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு தடவை சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மலை எங்கேயாவது இப்படி ஒரு பக்கமாகச் சாயுமா? முதலில் வெட்கமாக இருந்தது. இத்தனை முகத்தில் இத்தனை தழும்பைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியவில்லையே என்று. வெட்கம் மத்தியானம் வரைக்கும் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கோபமாக மாறிவிட்டது. அது யார்மேல் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் அவர் வந்தார். கால் தரையில் பாவவில்லை. கண்காட்சியில் சூட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷர் இவர் படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றாராம். என்ன சொன்னார் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் சோறு போட்டுக்கொண்டே தெரியாது என்றேன்.

"அந்தத் தூரத்து சிகரந்தான் படத்துக்கே உசுருன்னாரு! அத எப்பிடிப் புடிச்சீங்கன்னு கேட்டாரு. அதுக்காவ மூணு விடியக்காலம் காத்துகினு இருந்தேன்னு சொன்னேன்."

"அப்பிடியா" என்று குழம்பை ஊற்றினேன். "சரி, மாமல்லபுரம் எப்போ?"

"அட, இரு. இப்பத்தான் நாலு பேருக்கு என்னத் தெரிய ஆரம்பிச்சிகீது. அடுத்த படத்த ஆரம்பிக்கணும். கடலு எங்க ஓடியா போவுது? கோடையில பாத்துக்கலாம்."

அவர் நாலு வாய் சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். பசியோடு இருக்கிறவனிடம் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் இரக்கம் உண்டு. அப்புறம் சொன்னேன். "அந்த சிகரம் சதுரங்கப்பட்டினத்துல கீதாம். காத்து அடிச்சா நகருமாம். மீன்காரம்மா சொல்லிச்சி."

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்ப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும் அவர் முதுகை நான் நடையிலிருந்து பார்த்தேன். முதுகைப் பார்த்தே ஆள் புரிந்துகொண்டது தெரிந்தது. திரும்பி வந்தவர் ஊர் கேட்கக் கத்தினார். மானம் போச்சு, மரியாதை போச்சு, தந்தியடித்துப் படத்தை வாபஸ் வாங்க வேண்டும், அந்தச் சூட்டுப் போட்டவர் மூஞ்சியில் இனிமேல் எப்படி முழிப்பேன், இத்யாதி. கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஒரு பாய்கூடவா உனக்குத் தெரியாது? சின்னக் கொழந்தகூட சொல்லுமே! கடலுல ஓடுற பாய் எப்பிடி இருக்கும்னு தெரியாதா?"

"தெரியாது" என்றேன். "எங்க பாத்தேன்? யாரு காட்டினா?"

அவர் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது, சரி. நீங்க எட்டு வாட்டி போனீங்களே. உங்க முன்னாலதானே போச்சு அந்தக் கட்டுமரம்? நீங்க ஏன் பாக்கல?"

மாமியார் உள்ளேயிருந்து வந்து விளக்கைத் தூண்டிவிட்டாள். அவர் மீதிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, காய்ந்துபோன கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

தந்தி அடிக்கவில்லை. மதராசில் அந்தப் படம் கண்காட்சி முடிகிறவரை தொங்கியது. கட்டுமரம் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கலை தெரிந்தவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

வந்த செவ்வாய்க்கிழமை, விடியுமுன் என்னை எழுப்பினார். "இன்னும் இன்னா தூக்கம்? பஸ் போயிடும்" என்றார், நான்தான் மூன்று வருஷமாகத் தாமதம் செய்த மாதிரி. நல்ல புடவை வெளியிலேயே இருந்தது, கட்டிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் காற்றின் வாசனை மாறியது. கேமராப் பெட்டி அவர் மடியில் இருந்தது.

மாமல்லபுரத்தில் இறங்கி, பாறைகளைச் சுற்றிக்கொண்டு மணலுக்கு வந்தோம். நான் கடலை விவரிக்கப் போவதில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நுரை வெள்ளையாக இருந்தது. தெரிந்த விஷயம்தான், நெகடிவில் கறுப்பு என்றால் வெள்ளை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் அது வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்ததும் அடக்க முடியாமல் அழுதேன். இந்தத் தடவை வழிவதற்கு மை எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் நின்று, துண்டை எடுத்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

தூரத்தில் சாய்ந்த முக்கோணமாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. அடியில் இரண்டு பேர், நிமிர்ந்து, உயிரோடு.

"அதோ பாருங்க, உங்க சிகரம் போவுது" என்றேன். அவர் முதலில் முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் ஸ்டாண்டைப் பிரித்து நட்டு, கேமராவைப் பொருத்தி, மேகம் இருந்த பக்கமாக மேலே திருப்பினார். நான் போய் அதன் தலையைப் பிடித்து அழுத்தினேன்.

"இந்த வாட்டி கீழ கீறத எடுங்க. மேல வேணுன்றத வூட்டுல நான் ஒட்டிக்கிறேன்."

எடுத்தார். கடல், கட்டுமரம், இரண்டு ஆட்கள், ஓரத்தில் என் புடவை முந்தானை. வானம் பெயருக்கு ஒரு விரல் அகலம், அதுவும் வெறும் வெள்ளை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் ஒன்றையும் ஒட்டவில்லை.